நாயின் இனத்தைக் கேட்கும் சட்டம் கடிபட்டவரைக் கேட்பதில்லை

தென் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சேரியில் இருப்பவர்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது. தீண்டாமையின் வடிவங்களைத் தேடிப் போய்க் களஆய்வு செய்தவர்கள், இரட்டைக் குவளை, ஊர்த்தெருவில் செருப்பணியத் தடை, சைக்கிள் ஓட்டத் தடை ஆகியவற்றின் வரிசையில் இதையும் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் என்னவென்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. சேரி ஆண் நாய் ஊர்ப் பெண் நாயோடு கூடிவிடுமாம். ஊர் நாயின் 'சுத்தம்' கெட்டுவிடுமாம்!

ஆக, நாய் இனக் கட்டுப்பாடு என்பது நமக்குப் புதிதல்ல. எந்த அரசிதழிலும் வராமல், எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படாமல், இந்த மண்ணில் ஒரு 'நாய்ச் சட்டம்' ஏற்கெனவே நடைமுறையில் இருந்திருக்கிறது. அதில் கடி ஒரு பிரச்சினையே இல்லை. கலப்புதான் பிரச்சினை.

அதனால்தான் ஒன்றிய அரசு 2024 மார்ச் 12 அன்று 23 வகை நாய்களைப் பட்டியலிட்டு, அவற்றின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உரிமம் தரக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியபோது, நாம் அதை வேறு விதமாக வாசிக்க வேண்டியிருந்தது. பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோ, ஓநாய்க் கலப்பு நாய்கள் என்று நீண்டது பட்டியல். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்பது முக்கியமான காரணம். தமிழ்நாட்டிலும் 2024 மே மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை இதே 23 இனங்களுக்குத் தடை என்று அறிவித்து, ஓரிரு நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து 55 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் இரண்டையும் புதிதாக வாங்கி வளர்க்கத் தடை விதித்தது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

இந்த இரண்டு ஆண்டு விவாதத்தில் தொலைக்காட்சிகளில் நாய் வளர்ப்போர் பேசினார்கள். பயிற்சியாளர்கள் பேசினார்கள். கால்நடை மருத்துவர்கள், விலங்கு நேயர்கள், வழக்கறிஞர்கள் எல்லோரும் பேசினார்கள். 'சம்பந்தப்பட்டவர்கள்' என்று நீதிமன்றங்களில் பேசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் நாய் வளர்ப்போரையும், நாய்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் கழகங்களையும், விலங்குநல அமைப்புகளையும்தான். கேட்டைத் திறந்து உள்ளே போகும் தூய்மைப் பணியாளரும், வீட்டு வேலை செய்யும் பெண்ணும், காவலாளியும், சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி பையனும் இதில் சம்பந்தப்பட்டவர்கள் என்று எவருக்கும் தோன்றவில்லை. பல்லுக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறவர்கள் அவர்கள்தான்.

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் நடந்ததை நினைவுபடுத்திப் பார்ப்போம். மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாயும் கடிபட்டார். நாடே அந்த நாய்களின் இனத்தைப் பேசியது. அந்தக் குழந்தை ஏன் பூங்காவில் இருந்தாள் என்று பேசியவர்கள் குறைவு. அவள் விளையாட வந்தவள் அல்ல. அவளுடைய அப்பா அந்தப் பூங்காவின் காவலாளி. அவர்கள் குடியிருந்ததே பூங்காவுக்குள் இருந்த அறையில்தான். அந்தக் குடும்பம் என்ன சாதி என்பது இங்கே கேள்வி இல்லை. நகரத்தின் பணக்காரப் பகுதி ஒன்றில், ஒரு தொழிலாளியின் வீட்டு வாசலும் மற்றவர்கள் நாய் நடத்திப்போகும் இடமும் ஒன்றாக இருந்தது என்பதுதான் கேள்வி. அந்த நாய்கள் ராட்வைலராக இல்லாமல் வேறு இனமாக இருந்திருந்தாலும் அந்த வாசல் அங்கேதான் இருந்திருக்கும்.

2023 ஜனவரியில் ஹைதராபாத்தில் உணவு கொண்டுபோன 23 வயது இளைஞர் ஒருவர், கதவைத் திறந்ததும் பாய்ந்து வந்த நாய்க்குப் பயந்து ஓடி, மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அது ஜெர்மன் ஷெப்பர்ட். ஒன்றிய அரசின் 23 வகைப் பட்டியலில் அந்த இனம் கிடையாது. அந்தப் பட்டியல் அன்றைக்கே அமலில் இருந்திருந்தாலும் அவர் செத்துத்தான் போயிருப்பார்.

நாங்கள் வேலை செய்யும் பகுதியிலிருந்து ஒன்று சொல்கிறோம். கண்ணகி நகரிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை அடுக்கங்களுக்கு வீட்டு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர். தரை துடைக்கும்போது சோற்றுக் கிண்ணத்தை நகர்த்தியிருக்கிறார். நாய் முன்கையைப் பிடித்துவிட்டது. 'ரொம்ப சாந்தம், குழந்தை மாதிரி' என்று எல்லோரும் சொல்லும் லாப்ரடார் அது. ஒன்றிய அரசின் 23 வகைப் பட்டியலில் வராத இனம். வீட்டுக்கார அம்மா முதலில் சொன்னது, "இது யாரையும் கடிக்காதே! நீ பயந்திருப்ப, அதான்." ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார்கள், அது உண்மை. ஆனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஒரே நாளில் முடிகிற காரியமா? முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும். அந்த மாதக் கடைசியில் சம்பளத்தில் நான்கு நாள் பிடித்தம். பிடித்த அதே கை, நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டியதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்ததையும் அக்காவேதான் எங்களிடம் காட்டினார்.

"ஸ்டேஷன்ல ஒரு புகார் குடுப்போம்க்கா" என்றோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. "உங்களுக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவீங்க. எனக்கு அந்த அப்பார்ட்மென்ட்ல மூணு வீடு."

மூன்று வீடு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்று வீட்டைப் பற்றித்தான்.

இப்போது இனப் பட்டியலுக்கு வருவோம். இனத்தை வைத்துத் தடை போடுவது பலன் தருமா? இங்கிலாந்து 1991-இல் ஆபத்தான நாய்கள் சட்டம் கொண்டுவந்து நான்கு வகைகளைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகள் கழித்தும் சாவுகள் நின்றபாடில்லை. எக்ஸ்.எல். புல்லி என்ற புதிய வகை பரவி, 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதும் குற்றம் என்று சேர்க்க வேண்டிவந்தது. ஒன்றைத் தடுத்தால் சந்தை இன்னொன்றை உருவாக்கும். நெதர்லாந்து தன் பிட்புல் தடையை 2008-இல் கைவிட்டது. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்று, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று கணக்கிட்டது. அதே சமயம் ஒன்றை மறைக்கவும் கூடாது. கோபம் எல்லா நாய்க்கும் வரலாம். தாடை எல்லா நாய்க்கும் ஒன்றல்ல. ஐம்பது கிலோ நாயின் கடியும் ஐந்து கிலோ நாயின் கடியும் ஒன்றென்று கடிபட்டவரிடம் போய்ச் சொல்ல முடியாது. எனவே எடையும் உடல்வலிமையும் அதிகமுள்ள நாய்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. இனப் பெயரை மட்டும் தடை செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவதைத்தான் மறுக்கிறோம்.

ஆனால் இந்தத் தடையை எதிர்க்கும் 'நாய்ப் பிரியர்கள்' பயன்படுத்தும் வார்த்தைகளைக் கவனித்தீர்களா? "இனத்தை வைத்து ஒதுக்குவது தீண்டாமை." "பிறப்பை வைத்துக் குற்றவாளி ஆக்காதீர்கள்." "நாய்களுக்கும் சாதி பார்க்கிறீர்களா?" நம்முடைய சொற்கள்! நாம் ரத்தம் சிந்திப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்கள். தங்கள் அடுக்ககத்தில் வேலையாட்களுக்குத் தனி லிஃப்ட் வைத்திருப்பவர்கள், அதே லிஃப்ட்டில் நாயை ஏற்றக் கூடாது என்று சங்கம் சொன்னால், 'தீண்டாமை' என்று கொதிக்கிறார்கள்.

அவர்களிடம் ஒன்று கேட்போம். அந்த நாயை வாங்கும்போது என்ன பார்த்து வாங்கினீர்கள்? வம்சாவளிச் சான்றிதழ். அப்பன் யார், பாட்டன் யார், கலப்பு உண்டா என்று பார்த்துப் பல ஆயிரம் கொடுத்தீர்கள். விற்பவரும் 'சுத்த ரத்தம், காவலுக்குப் பிறவியிலேயே கெட்டி' என்றுதான் விற்றார். விற்கும்போது பிறவிக் குணம்; கடித்தபின் வளர்ப்பு முறை. பிறப்பின் பெருமை வேண்டும், பிறப்பின் பொறுப்பு வேண்டாம். இந்தத் தந்திரத்தை நாம் வேறெங்கோ பார்த்ததில்லையா?

நம்முடைய 'தமிழினப் பெருமை' பேசுவோரையும் விட்டுவைக்க வேண்டாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு நாய்கள் காக்கப்பட வேண்டியவைதான். அதற்காக 'கலப்படமில்லாத குட்டி கிடைக்கும்' என்று முறுக்கு மீசைப் படத்தோடும் சாதிப் பட்டத்தோடும் வரும் முகநூல் விளம்பரங்களைப் பார்க்கும்போது, அந்த ஆண் நாய்த் தடையின் வாடை வரத்தான் செய்கிறது. 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொன்றது அது கடித்ததற்காக இல்லை. அது யாருடைய நாய் என்பதற்காக.

அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாய் இனத் தடை சரியில்லை என்று நாங்கள் சொல்வது, 'நாய்க்கும் தலித்துக்கும் ஒரே மாதிரி அநீதி' என்ற அர்த்தத்தில் இல்லை. அந்த ஒப்பீட்டை முற்றாக மறுக்கிறோம். நாய் இனங்கள் மனிதன் கூடலைக் கட்டுப்படுத்தி, தேர்ந்தெடுத்து உண்டாக்கியவை. சாதி அப்படி உண்டான உயிரியல் இனம் இல்லை. ரத்தச் சுத்தம் காக்கவே சாதி என்ற வாதத்தை 1936-இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் பாபாசாகேப் அம்பேத்கர் எடுத்துப்போட்டு நொறுக்கினார். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களை ஊருக்கு வெளியே வைத்து, நாயும் கழுதையும்தான் அவர்களின் சொத்து என்று விதித்தது. ஆங்கிலேயன் வந்து நம் தெரு நாய்க்குப் பறையர் என்ற மக்களின் பெயரைத் திரித்து 'பரியா நாய்' என்று பெயர் வைத்தான். இன்றும் அந்தப் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. நம்மை நாயோடு சேர்த்துப் பேசிய மரபு இவர்களுடையது. அதைத் தடவிக்கொடுக்கிற விதத்தில் திரும்பச் சொன்னாலும் ஏற்க மாட்டோம்.

பேச வேண்டியது வேறு. நாய் யாரைப் பார்த்துக் குரைக்கப் பழக்கப்படுகிறது? 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகை காரில் வந்து இறங்கும் விருந்தாளிக்கு எழுதப்பட்டதா? அவர் வரும்போது நாயைக் கட்டிவிடுகிறார்கள். குப்பை எடுக்க வருபவருக்கு, மீட்டர் பார்க்க வருபவருக்கு, பழைய பேப்பர் கேட்டு வருபவருக்கு யாரும் கட்டுவதில்லை. 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்காமில் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினச் சிறுவர்கள்மீது போலீஸ் நாய்கள் ஏவப்பட்ட படங்களை உலகம் பார்த்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஃபெர்குசன் நகரக் காவல் துறை பற்றி அமெரிக்க நீதித் துறை 2015-இல் வெளியிட்ட அறிக்கையில், இனம் பதிவான நாய்க்கடிச் சம்பவம் ஒவ்வொன்றிலும் கடிபட்டவர் கறுப்பர். நாய்க்கு நிறவெறி தெரியாது. கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரியும்.

அந்தக் கையைப் பற்றி நம் சட்டம் என்ன சொல்கிறது? பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291, தன் வசமுள்ள விலங்கால் உயிராபத்தோ கொடுங்காயமோ நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது பிரிவு 289. 1860-இல் எழுதிய 1,000 ரூபாய்தான் 2024 வரை நீடித்தது. இப்போதைய உச்சபட்ச அபராதத்திலும் ஒரு வம்சாவளிக் குட்டி கிடைக்காது. மாநகராட்சியின் ஒரு லட்ச ரூபாயைப் பெரிய தொகை என்று சொல்லலாம். ஆனால் அபராதம் என்பது கஜானாவுக்குப் போகும் பணம். கடிபட்டவரின் கைக்கு வருவதில்லை.

நம் தோழர்கள் பலருக்குத் தெரியாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. நாயை வேண்டுமென்றே ஏவிவிட்டால் அது கவனக்குறைவு ஆகாது. பிரிவு 118, ஆபத்தான வழிகளில் காயம் விளைவிப்பதைத் தண்டிக்கிறது. அந்த வழிகளில் விலங்கும் ஒன்று என்று சட்டமே சொல்கிறது. பழைய சட்டத்தில் இது பிரிவு 324. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(வி.ஏ.) பிரிவுக்கான அட்டவணையில் 324 இடம்பெற்றிருக்கிறது. எனவே தோட்டத்துக்குள் நடந்ததற்காக, கிணற்றடியில் நின்றதற்காக, கூலி கேட்டதற்காக நம் மக்கள்மீது நாயை ஏவினால், காவல் நிலையத்தில் 291 மட்டும் போட்டு அனுப்ப விடாதீர்கள். 118-ஐயும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, என்னதான் கேட்கிறோம்?

முதலாவதாக, எந்த இனமாக இருந்தாலும் உரிமையாளரின் பொறுப்பு ஒன்றே. வண்டி வாங்கினால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அடுத்தவரைக் காயப்படுத்தக்கூடிய ஒன்றைப் பொது இடத்துக்குக் கொண்டுவருபவர் முன்கூட்டியே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் அதன் தர்க்கம். நாய் உரிமத்துக்கும் அதே தர்க்கம் பொருந்தும். எடை அதிகமான நாய்க்குக் காப்பீட்டுத் தொகையும் அதிகமாக இருக்கட்டும்.

இரண்டாவதாக, இழப்பீட்டுக்கு ஒரு கணக்கு. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தெரு நாய்க்கடி வழக்குகளில் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் 0.2 செ.மீ. காயத்துக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்று வரையறுத்தது. அரசு முதலில் கொடுக்க வேண்டும் என்றது. கேரளத்தில் 2016-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த சிரிஜெகன் குழு தெரு நாய்க்கடி இழப்பீட்டு மனுக்களை விசாரித்தது. தமிழ்நாட்டுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். வளர்ப்பு நாய் என்றால் அரசு கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும். அதில் தடுப்பூசி நாட்களுக்கான கூலியும் சேர வேண்டும். தமிழ்நாட்டில் 2007-லிருந்து வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. இந்தக் கூலியைப் பெற்றுத் தரும் வேலையை அதற்குக் கொடுக்கலாம்.

மூன்றாவதாக, தெரு நாய்கள். இனப் பட்டியல் நம் குடியிருப்புகளுக்கு எதையும் செய்யாது, ஏனென்றால் எங்கள் தெருவில் ராட்வைலர் இல்லை. அள்ளப்படாத குப்பை இருக்கிறது. அதைச் சுற்றி நாய்கள் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து தடுப்பூசி போடுவது உள்ளாட்சியின் கடமை. அந்த வண்டி கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் எத்தனை முறை வந்தது என்று வார்டு வாரியாக வெளியிடட்டும். இந்த நாய்களைக் கொல்லச் சொல்லவில்லை. இரவு வேலை முடித்துக் கடைசிப் பேருந்தில் இறங்கும் எங்கள் பெண்களோடு வீடுவரை கூட நடந்து வருவதும் இந்த நாய்கள்தான்.

நான்காவது கோரிக்கைதான் முக்கியமானது. புகாரை அந்த அக்காவின் தலையில் போடாதீர்கள். நாய்க்கடி என்று அரசு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவரும் பதிவேட்டில் ஏறுகிறார்கள். அந்தப் பதிவேட்டில் இரண்டே கட்டம் கூடுதலாகச் சேருங்கள். வளர்ப்பு நாயா? எந்த முகவரி? அதை வைத்து மாநகராட்சியே அந்த வீட்டுக்குப் போகட்டும். உரிமம் உண்டா, தடுப்பூசி போட்டதா, முன்பு யாரையாவது கடித்ததா என்று அதுவே விசாரிக்கட்டும். அப்படிச் செய்தால், புகார் கொடுத்தது யார் என்ற கேள்வி எழாது. சட்டம் தானாக வந்தது, அவ்வளவுதான். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். 23 இனங்களுக்குச் சுற்றறிக்கை எழுதத் தெரிந்த அரசுகளுக்கு இதை எழுதத் தெரியாதா?

அந்த அக்கா இப்போதும் அதே மூன்று வீட்டுக்குப் போகிறார். நாயை இன்னும் கட்டுவதில்லை. கிண்ணம் இருக்கும் மூலையை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுவாராம். அந்த அம்மா ஒரு நாள் கேட்டிருக்கிறார், "ஏன் இந்த மூலையில அழுக்கா இருக்கு?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அக்கா இல்லை.

ஜெய் பீம்!